வேலூர் வெயிலும் கெட்டி ஆயிலும்

எங்கள் பக்கத்தில் கார் வைத்திருப்பவர்களிடம் இன்ஜின் ஆயில் பற்றிப் பேச்செடுத்தால் முக்கால்வாசிப் பேர் ஒரே பாட்டைத்தான் பாடுவார்கள். "நம்ம ஊரு வெயிலுக்கு அந்தத் தண்ணி ஆயிலெல்லாம் ஆவாது சார், நல்லா கெட்டியா ஊத்துங்க." சத்துவாச்சாரியில் கேட்டாலும் இதுதான், காட்பாடியில் கேட்டாலும் இதுதான், குடியாத்தம் ரோட்டில் புளியமரத்தடி ஷெட் ஒன்றில் கேட்டாலும் இதுதான். சொல்கிறவர்களைக் குறை சொல்ல முடியாது. கத்திரி வெயிலில் 42, 43 டிகிரி தொடும் ஊர் இது, மதியம் ரெண்டு மணிக்கு கிரீன் சர்க்கிளில் ஏசி போட்டுக்கொண்டு நின்றவனுக்கு பானெட்டுக்கு அடியில் என்ன வேகுதோ என்று பயம் வருவது இயற்கைதான். ஆனால் வால்வு திறந்து மூடும் நேரத்தை (வால்வு டைமிங்) தானே மாற்றிக்கொள்ளும் பெட்ரோல் இன்ஜின்களில், அதாவது விவிடி, விடிவிடி, ஐ-விடெக் என்று ஏதாவது ஒரு பெயர் ஒட்டியிருக்கும் வண்டிகளில், இந்த அறிவுரை பல சமயம் வண்டிக்கு நோயைக் கொண்டுவந்து விடுகிறது. கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், அவசரக்காரர்கள் ஏலகிரி வரும் இடத்துக்குத் தாண்டிப் போகலாம்.

இந்த நம்பிக்கை வானத்திலிருந்து குதித்ததில்லை. அம்பாசடரும் பத்மினியும் ஓடிய காலத்தில் 20டபிள்யூ-40, 20டபிள்யூ-50 ஆயில்தான் ஊற்றினார்கள், அது சரியாகவும் இருந்தது. அந்த இன்ஜின்களில் பேரிங் இடைவெளி அதிகம், ரிங் தேய்ந்து புகை விடும், கெட்டி ஆயில் ஊற்றினால் சத்தம் குறையும், ஆயில் குடிப்பதும் குறையும். சென்னை–பெங்களூர் ரோட்டில் லாரிப் பட்டறைகளில் கை பழகிய மெக்கானிக்குகள்தான் பின்னாடி கார் ஷெட் போட்டார்கள், அவர்களிடம் வேலை கற்ற பையன்கள் இன்று இன்னொரு ஷெட் வைத்திருக்கிறார்கள். கை மாறி மாறி வந்த பாடம் அது. அந்தக் காலத்து இன்ஜினில் ஆயிலுக்கு வேலை, இரண்டு இரும்புக்கு நடுவில் நிற்பது, சூட்டை எடுத்துப் போவது, அழுக்கைச் சுமப்பது, அவ்வளவுதான். விவிடி வந்த பிறகு அதே ஆயில் தள்ளவும் வேண்டும். தள்ளுகிற வேலை வந்தவுடன் கணக்கே வேறு.

நான் ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் ஹைட்ராலிக் பிரஸ் ஓடும் ஷாப்பில் பல வருஷம் மெயின்டெனன்ஸ் பார்த்தவன். அங்கே ஒரு சிலிண்டர் சோம்பலாக நகர்கிறது என்றால் யாரும் முதலில் சிலிண்டரைக் கழற்ற மாட்டோம். டேங்கில் ஆயில் மட்டம் என்ன, நுரைக்கிறதா, ஃபில்டர் அடைத்திருக்கிறதா, வால்வுக்குள் ஆயிலுக்கு வழி மாற்றிவிடும் ஸ்பூல் சிக்கியிருக்கிறதா, இந்த வரிசையில்தான் போவோம். பெரும்பாலும் சிலிண்டர் வரை போகவே வேண்டியிருக்காது. காரின் விவிடியை முதன்முதலாகப் பிரித்துப் போட்டிருந்ததைப் பார்த்தபோது எனக்கு ஆச்சரியமே, ஏனென்றால் எங்கள் பிரஸ்ஸில் இருப்பது அத்தனையும் உள்ளங்கை அளவில் அங்கே இருந்தது. பம்ப் இருக்கிறது, ஃபில்டர் இருக்கிறது, சோலினாய்டு வைத்த ஸ்பூல் வால்வு இருக்கிறது, தள்ளப்படுகிற பொருளும் இருக்கிறது. இதை ஹைட்ராலிக் சர்க்யூட் என்று பார்க்காமல் 'சென்சார் சமாசாரம்' என்று பார்ப்பதுதான் நம் ஷெட்டுகளில் நடக்கும் பாதி வீண் செலவுக்குக் காரணம் என்பது என் அபிப்பிராயம்.

உள்ளே இருப்பது இதுதான். வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட்டின் முனையில், டைமிங் செயின் ஓடுகிற பல்சக்கரத்துக்குள்ளேயே ஒரு வட்டமான கூடு. வெளிக்கூடு செயினோடு சுற்றும். உள்ளே சில இறக்கைகள் வைத்த ரோட்டர், அது கேம் ஷாஃப்ட்டோடு போல்ட் போட்டு இறுக்கியிருக்கும். இறக்கையின் ஒரு பக்கத்து அறையில் ஆயிலை ஏற்றினால் கேம் சற்று முன்னே திரும்பும், மறுபக்கத்தில் ஏற்றினால் பின்னே வரும். பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் ஷாஃப்ட் கணக்கில் 40, 50 டிகிரி வரை நகர்த்தும் இன்ஜின்கள் உண்டு. இந்தக் கூட்டைத்தான் கேம் ஃபேஸர் என்பார்கள், நம் மெக்கானிக்குகள் விவிடி கியர் என்பார்கள். எந்தப் பக்கம் ஆயில் போக வேண்டும் என்று முடிவெடுப்பது இசியூ என்கிற இன்ஜின் கம்ப்யூட்டர், அதைச் செய்து முடிப்பது ஆயில் கண்ட்ரோல் வால்வு. கட்டைவிரல் தடிமனில் ஒரு சின்ன சமாசாரம், மேலே காயில், கீழே ஸ்பூல், சுற்றிலும் மெல்லிய வலை. இசியூ அதற்கு நொடிக்குப் பல தடவை கரண்ட்டை விட்டு விட்டுக் கொடுத்து ஸ்பூலை இங்கேயும் அங்கேயும் மில்லிமீட்டர் கணக்கில் நகர்த்துகிறது. கேம் சென்சார், கிராங்க் சென்சார் இரண்டையும் வைத்து, கேட்ட கோணம் வந்ததா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறது. கேட்டது ஒன்று, வந்தது ஒன்று என்று கொஞ்ச நேரம் நீடித்தால் மஞ்சள் விளக்கைப் போட்டுவிடும்.

எதற்கு இந்தப் பாடு? சிக்னலில் நிற்கும்போது இன்ஜினுக்கு வேண்டிய டைமிங் வேறு, மேட்டில் ஏறும்போது வேண்டியது வேறு, வாலாஜா டோலைத் தாண்டி 100இல் போகும்போது வேண்டியது வேறு. ஐடிலிங்கில் காற்றை உள்ளே விடும் இன்டேக் வால்வும் புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம் குறைவாக இருந்தால்தான் இன்ஜின் அமைதியாக ஓடும். நடுத்தர வேகத்தில் இழுவை வேண்டுமென்றால் இன்டேக்கைச் சற்று முன்னதாகத் திறந்து முன்னதாக மூட வேண்டும். பழைய இன்ஜின்களில் இவற்றுக்கு நடுவில் ஒரு சமாதானக் கணக்குப் போட்டு கேமைச் செதுக்கி வைத்துவிட்டார்கள். 1980இல் ஆல்ஃபா ரோமியோ முதலில் உற்பத்திக் காரில் கேமை நகர்த்திக் காட்டியது, 1989இல் ஹோண்டா இன்டெக்ராவில் விடெக் என்று வேறு வழியில் போனது. விடெக்கில் கேமின் முட்டையையே, அதாவது வால்வை அழுத்தும் மேட்டையே மாற்றுவார்கள், ராக்கர் ஆர்ம்களுக்குள் ஒரு பின்னைத் தள்ளிப் பூட்டி. அந்தப் பின்னைத் தள்ளுவதும் ஆயில்தான்.

சரி, ஏலகிரிக்கு வருகிறேன்.

அக்கா வீட்டுக்காரர், எனக்கு மாமா, லாங் பஜார் பக்கம் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். வீடு சத்துவாச்சாரி. வண்டி பத்து வருஷத்துக்கு மேல் ஓடிய பெட்ரோல் ஹேட்ச்பேக், கம்பெனிப் பெயர் வேண்டாம், எந்தக் கம்பெனி வண்டியானாலும் இப்படி ஓட்டினால் இதேதான் நடக்கும். காலையில் கடைக்கு நாலைந்து கிலோமீட்டர், மதியம் சாப்பாட்டுக்கு வீடு, திரும்பக் கடை, ராத்திரி வீடு. போகிற வழியெல்லாம் ஊர்ந்துதான் போக வேண்டும், பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஆஸ்பத்திரிக்கு வருகிற ஆட்டோ கூட்டத்தில் மாட்டினால் இன்ஜின் சும்மாவே ஓடிக்கொண்டிருக்கும். போன வெயில் காலத்தில் குழந்தைகளோடு ஏலகிரி போயிருக்கிறார்கள். 14 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் ஒரு புலவர் பெயரோ வள்ளல் பெயரோ, ஐந்தாவது வளைவிலேயே வண்டி மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. ரெண்டாவது கியரில் மிதித்தால் சத்தம் வருகிறதே தவிர இழுவை வரவில்லை. மேலே போய் நிறுத்தி, திரும்ப ஸ்டார்ட் செய்தால் ஐடிலிங்கில் ஸ்டீயரிங் வரை ஆடுகிறது. இறங்கி வரும்போது மஞ்சள் விளக்கு. (ஏலகிரி இப்போது திருப்பத்தூர் மாவட்டம், 2019இல் வேலூரை மூன்றாகப் பிரித்தபோது அந்தப் பக்கம் போய்விட்டது. எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு எல்லாமே இன்னும் வட ஆற்காடுதான்.)

ஊரில் ஒரு ஷெட்டில் ஸ்கேனர் போட்டார்கள். பி0011 என்று கோடு வந்தது. இன்டேக் கேம் கேட்டதை விட முன்னாடி நிற்கிறது என்று அர்த்தம். கோடில் 'கேம்' என்ற வார்த்தையைப் பார்த்ததும் கேம் சென்சார் போய்விட்டது என்று புதிது வாங்கிப் போட்டார்கள். அடுத்த வாரமே விளக்கு வந்துவிட்டது. அதற்கு அப்புறம்தான் எனக்கு போன்.

"இன்னா மச்சான், சென்சார் புச்சு போட்டாச்சு, திரும்ப லைட்டு எரியுது. இசியூ போயிருக்கும்ன்றாங்க."

"இசியூ இருக்கட்டும் மாமா, கடைசியா என்ன ஆயில் ஊத்துனாங்க?"

"ஆயில்ல இன்னா கீது? நல்ல ஆயில்தான், பேரல் ஆயில், கெட்டியா இருக்கும்."

ஞாயிற்றுக்கிழமை போனேன். இன்ஜின் சூடாவதற்கு முன்னாடி ஸ்டிக்கை உருவிப் பார்த்தால் ஆயில் கீழ்க் கோட்டுக்கும் கீழே. ஊற்றும் மூடியைத் திறந்தால் அடிப்பக்கம் கறுப்பாக ஒரு பூச்சு, நகத்தால் சுரண்டினால் அடிப்பிடித்த அல்வாவைப் போல் வழித்துக்கொண்டு வந்தது. ஸ்கேனரில் கேட்ட கோணத்தையும் வந்த கோணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்து விட்டேன். மிதிக்கும்போது இரண்டும் முன்னே பின்னே ஆனாலும் போய்ச் சேர்ந்தன. காலை எடுத்ததும் இசியூ பூஜ்யம் கேட்கிறது, கேம் எட்டு, ஒன்பதில் உட்கார்ந்துகொண்டு இறங்கவே மாட்டேன் என்கிறது. ஸ்டீயரிங் ஆடியதற்கு விளக்கம் அங்கேயே கிடைத்துவிட்டது. ஐடிலிங்கில் இன்டேக் முன்னாடியே திறந்திருந்தால் எரிந்த புகை உள்ளேயே திரும்பி வரும், எரிப்பு கெடும், இன்ஜின் குலுங்கும்.

ஆயில் கண்ட்ரோல் வால்வைக் கழற்றுவது அந்த வண்டியில் ஒன்றும் பெரிய வேலை இல்லை. ஒரு 10 நம்பர் போல்ட், ஒரு வயர் பிளக், அவ்வளவுதான். ஓ-ரிங் பிடித்துக்கொண்டிருந்ததால் லேசாகத் திருகித் திருகி இழுக்க வேண்டியிருந்தது. வெளியே வந்ததும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வலையின் கண்கள் பாதிக்கு மேல் மூடியிருந்தன, மிச்சக் கண்களில் மினுமினுவென்று ஒரு படலம். ஸ்பூலை மரக்குச்சியால் அழுத்தினால் உள்ளே போகிறது, விட்டால் ஸ்பிரிங் அதை முழுசாகத் திருப்பித் தள்ளவில்லை, நடுவழியில் நின்றுவிட்டது. காயிலை மல்டிமீட்டரில் பார்த்தால் ஏழு ஓம் வாக்கில் காட்டுகிறது, அந்த மாதிரி வால்வுக்கு அது சரியான அளவு, அதாவது கரண்ட் சமாசாரம் எதுவும் கெடவில்லை. கார்புரேட்டர் கிளீனர் அடித்து, துடைத்து, திரும்ப அடித்து, பேட்டரியிலிருந்து 12 வோல்ட் ஒரு நொடி தொட்டால் 'டக்'. (ஒரு நொடிதான். பிடித்துக்கொண்டே இருந்தால் காயில் சுட்டுப்போகும், இசியூ அதற்கு எப்போதும் முழுக் கரண்ட் கொடுப்பதில்லை.) ஆறேழு தடவை டக் டக் என்று அடித்த பிறகு ஸ்பூல் தடையில்லாமல் போய் வந்தது.

இப்போது கெட்டி ஆயில் விவகாரத்துக்கு வரலாம், ஏனென்றால் வால்வைச் சுத்தம் பண்ணிவிட்டு அதே பேரல் ஆயிலை ஊற்றினால் ஆறு மாசத்தில் திரும்ப ஸ்டீயரிங் ஆடும்.

சூடான இன்ஜினுக்குள் ஆயில் 90இலிருந்து 110 டிகிரிக்குள் இருக்கும். ரேடியேட்டர் தண்ணீரைத் தெர்மோஸ்டாட் 85 டிகிரி வாக்கில் பிடித்து வைக்கிறது, அதை ஒட்டித்தான் ஆயிலும் நிற்கிறது. வெளியே வேலூர் வெயில் 43 என்றாலும் ஏலகிரி ராத்திரி 18 என்றாலும் ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜினுக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. கொஞ்சம் கூடும், மறுக்கவில்லை, ஆனால் நாம் நினைக்கிற அளவுக்கு இல்லை. ஆயிலின் பெயரில் வரும் பின்னெண், அந்த 30, 40, 50, இந்தச் சூட்டில் ஆயில் எவ்வளவு கெட்டி என்பதைச் சொல்கிறது. 100 டிகிரியில் 30 கிரேடு என்றால் 9.3இலிருந்து 12.5 சென்டிஸ்டோக்ஸுக்குள் (கெட்டித்தன்மையை அளக்கும் அலகு), 50 கிரேடு என்றால் 16.3இலிருந்து 21.9க்குள். அதாவது முழுச் சூட்டிலேயே ஒன்றரை, ஒன்றேமுக்கால் மடங்கு கெட்டி. 40 டிகிரியில் பார்த்தால் இன்னும் மோசம், பொதுவான ஒரு 5டபிள்யூ-30 ஆயில் 60, 70 வாக்கில் இருக்கும், 20டபிள்யூ-50 ஆயில் 150ஐத் தாண்டும். இந்த 40 டிகிரி எது? நமக்கு நாக்கு தொங்குகிற மே மாசத்து மதியம். இன்ஜினுக்கு அது குளிர்காலம். மாமாவின் நாலைந்து கிலோமீட்டர் பயணத்தில் தண்ணீர் முள் நடுவுக்கு வந்துவிடும், ஆயில் அதற்கு இன்னும் பின்னாடிதான் வந்துகொண்டிருக்கும். முழுச் சூடு ஏறுவதற்குள் கடை வந்துவிடுகிறது. ஆக அந்த வண்டி தன் வாழ்நாளில் பெரும்பகுதி, மயிரளவு ஓட்டைகள் வழியாகப் போக வேண்டிய ஆயிலை, அதற்குக் கணக்குப் போட்டதை விட இரண்டு மடங்கு கெட்டியாக வைத்துக்கொண்டு ஓடுகிறது. கேம் கேட்ட நேரத்துக்கு நகராது. இசியூவோ இந்தச் சூட்டில் இந்த ஆயில் இத்தனை வேகமாகத் தள்ளும் என்று ஃபேக்டரியில் எழுதிக் கொடுத்த கணக்கை வைத்துக்கொண்டு காத்திருக்கும்.

கெட்டி ஆயில் ஊற்றினால் பிரஷர் கூடுமே என்பார்கள். கூடும், பம்ப்புக்குப் பக்கத்தில். கேஜ் வைத்துப் பார்த்தால் எண் அழகாகத்தான் இருக்கும். ஆனால் இறக்கையை நகர்த்துவதற்குப் பிரஷர் மட்டும் போதாது, அறை நிரம்புகிற அளவுக்கு ஆயில் போய்ச் சேரவும் வேண்டும், ஒரு பக்கம் நிரம்பும்போது மறுபக்கத்து ஆயில் வெளியேறவும் வேண்டும். எங்கள் பிரஸ் ஆபரேட்டர்களுக்கு மார்கழிக் காலையில் இது நன்றாகத் தெரியும், முதல் பத்து ஸ்ட்ரோக் அடம்பிடிக்கும்.

அதற்காக மெல்லிசாக இருக்க இருக்க நல்லது என்று நான் சொல்லவில்லை. அளவுக்கு மேல் நீர்த்துப்போன ஆயில் இறக்கைகளின் விளிம்பு வழியாகக் கசிந்து, கேம் ஒரு இடத்தில் நிற்காமல் தள்ளாடும். நீர்த்துப் போவது எப்படி? பெட்ரோல் கலந்துதான். குளிர்ந்த இன்ஜினுக்கு இசியூ கூடுதலாகப் பெட்ரோல் அடிக்கிறது, எரியாத மிச்சம் ரிங் வழியாக வழிந்து, அடியில் ஆயில் தங்கும் சேம்பருக்குப் போகிறது. தண்ணீரும் சேர்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது, நம்பக் கஷ்டமாக இருந்தாலும் கெமிஸ்ட்ரி அதுதான். பெரும்பகுதி சைலன்ஸர் வழியாக ஆவியாகப் போய்விடும், கொஞ்சம் ரிங்கைத் தாண்டி ஆயிலுக்குள் இறங்கும். ஆம்பூர், வாணியம்பாடி என்று ஒரு மணி நேரம் ரோட்டில் ஓட்டினால் சூட்டில் இரண்டும் ஆவியாகி பிசிவி வால்வு வழியாக இழுக்கப்பட்டுத் திரும்ப எரிந்துவிடும். நாலு கிலோமீட்டரில் நிறுத்தினால் உள்ளேயே தங்கும். தண்ணீர், பெட்ரோல், புகைக்கரி, சூட்டில் கெட்ட ஆயில், எல்லாம் சேர்ந்துதான் அந்தக் கறுப்புப் பூச்சு. பிசிவி வால்வு அடைத்திருந்தால் கேட்கவே வேண்டாம். இருநூறு முந்நூறு ரூபாய்ச் சாமான் அது, அதை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

இன்னொன்று, மட்டம். ஸ்டிக்கில் கீழ்க் கோட்டுக்குக் கீழே போனால் வளைவில் திரும்பும்போதும் ஏற்றத்தில் சாயும்போதும் பம்ப் காற்றையும் சேர்த்து உறிஞ்சும். காற்று கலந்த ஆயில் அமுங்கும், அமுங்குகிற ஆயிலால் எதையும் பிடித்து நிறுத்த முடியாது. கொண்டை ஊசி வளைவில்தான் விளக்கு வந்தது என்பது எனக்கு அப்போதே ஒரு துப்பு. இதற்கு நேர் எதிர்த் தப்பும் நம் ஊரில் நடக்கும். நல்ல மனசோடு அரை லிட்டர் சேர்த்து ஊற்றி விடுவார்கள், மேல் கோட்டுக்கு மேலே ரெண்டு விரல் போய்விடும், கிராங்க் அதைக் கடைந்து நுரையாக்கும், நுரைக்குள்ளும் காற்றுதான். இந்த அளவு இன்ஜின்களுக்குச் சேம்பரில் போவதே மூன்று, மூன்றரை லிட்டர்தான், அதில் அரை லிட்டர் என்பது சின்ன விஷயம் இல்லை.

கிலோமீட்டர் கணக்கையும் ஒரு பிடி பிடிக்க வேண்டும். 10,000 கிலோமீட்டருக்கு ஒருதரம் மாற்று என்று புத்தகத்தில் இருக்கிறது. ரோட்டில் சராசரி 70இல் ஓடும் வண்டிக்கு அது 143 மணி நேர ஓட்டம். ஊருக்குள் சராசரி 15இல் ஊரும் வண்டிக்கு அதே 10,000 கிலோமீட்டர் 667 மணி நேரம். ஓடோமீட்டரில் இரண்டும் ஒன்றுதான். ஆயிலுக்கு ஒன்றா? ஆயில் கெடுவது சூட்டையும் நேரத்தையும் பொறுத்தது, 10 டிகிரி சூடு ஏறினால் ஆக்சிஜனேற்றம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும் என்பது எண்ணெய்க்காரர்கள் கைக்கணக்கு. அதே புத்தகத்தைப் பின்னாடி புரட்டினால் 'கடினமான சூழ்நிலை' என்று ஒரு தனி அட்டவணை இருக்கும், குறுகிய தூரம், அதிக நேர ஐடிலிங், புழுதி, வெயில் என்று. படித்துப் பார்த்தால் வேலூரைப் பற்றி எழுதியது போலவே இருக்கும். மாமா ஓடோமீட்டரைக்கூடப் பார்ப்பதில்லை, தீபாவளிக்கு ஒருதரம் சர்வீஸ் விடுகிற பழக்கம், கடையில் வேலை அதிகமென்றால் அது பொங்கலுக்குத் தள்ளிப்போகும்.

பழைய ஆயிலை வடித்தோம். சூடாக இருக்கும்போதே டிரெயின் நட்டைக் கழற்றியும் முதலில் சொத சொதவென்றுதான் விழுந்தது. உள்ளே கழுவிவிடும் ஃப்ளஷ் ஊற்றலாமா என்று ஒரு பேச்சு வந்தது. எனக்கு அதில் இஷ்டம் இல்லை. இத்தனை பூச்சு பிடித்த இன்ஜினில் வலுவான ஃப்ளஷ் போட்டால் பெயர்ந்து வரும் கட்டி பம்ப்பின் சல்லடையில் போய் உட்காரும், அப்புறம் விவிடியைப் பற்றிக் கவலைப்பட இன்ஜினே இருக்காது. அதற்குப் பதிலாகப் புத்தகத்தில் சொன்ன 5டபிள்யூ-30 சிந்தெட்டிக், டப்பாவில் ஏபிஐ எஸ்பி என்று போட்டது. இந்த எஸ்பி தரம் 2020இல் வந்தது, டைமிங் செயின் தேய்மானத்துக்கென்று தனிச் சோதனை அதில் உண்டு, நம் விஷயத்துக்கு அது முக்கியம், செயின் நீண்டுவிட்டால் கேமை எப்படி நகர்த்தினாலும் கணக்கு உதைக்கும், பி0016 என்று வேறு கோடு வரும். புது ஃபில்டர், புது ஆயில், ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டரில் அதையும் வடித்துவிட்டுத் திரும்பப் புது ஆயில். ஆயிலில் இருக்கும் டிடெர்ஜென்ட் நிதானமாகக் கழுவட்டும் என்று. இரண்டாவது தடவை வடித்ததும் கறுப்பாகத்தான் இருந்தது, ஆனால் ஒழுகி விழுந்தது. காலி டப்பாக்களில் ஸ்க்ரூ டிரைவரால் ஓட்டை போட்டுவிட்டுத்தான் குப்பையில் போட்டேன், நல்ல டப்பா பழைய கடைக்குப் போனால் என்ன நிரப்பித் திரும்பி வரும் என்று சொல்ல முடியாது.

விளக்கு அணைந்துவிட்டது, திரும்ப வரவில்லை. கேட்ட கோணமும் வந்த கோணமும் இப்போது ஒன்றையொன்று விடாமல் போகின்றன. ஸ்டீயரிங் ஆட்டம் நின்றுவிட்டது. மாமா இன்னொருதரம் ஏலகிரி ஏறிவிட்டு வந்து, "வண்டி இன்னாமா இழுக்குது தெரியுமா" என்றார், புது வண்டி வாங்கினவர் மாதிரி.

ஒன்றைச் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். உங்கள் புத்தகத்தில் வெப்பநிலைப் பட்டியல் போட்டு, வெயில் ஊருக்கு 10டபிள்யூ-40 வரை ஊற்றலாம் என்று எழுதியிருந்தால் தாராளமாக ஊற்றுங்கள், அந்த இன்ஜினைச் செய்தவர்கள் அதையும் கணக்கில் எடுத்திருக்கிறார்கள். ஆயில் குடிக்கிற, ரெண்டு லட்சம் கிலோமீட்டர் தாண்டிய இன்ஜினுக்கு ஒரு கிரேடு ஏற்றுவதையும் நான் புரிந்துகொள்கிறேன். நான் சண்டை போடுவது வெயிலைக் காரணம் காட்டி 30 சொன்ன இன்ஜினில் 50ஐ ஊற்றுவதோடுதான். ஆயிலை நம்பிக் கேமை நகர்த்துவதில் உள்ள இந்தத் தொல்லை கம்பெனிகளுக்கும் தெரியும். டொயோட்டா 2006இல் லெக்ஸஸ் எல்எஸ் 460இல் இன்டேக் பக்கத்துக்கு ஆயிலை விட்டுவிட்டு எலக்ட்ரிக் மோட்டார் வைத்தது, குளிர்ந்த இன்ஜினிலும் குறைந்த வேகத்திலும் ஆயிலுக்காகக் காத்திருக்க வேண்டாமே என்று. நம் பட்ஜெட் வண்டிகளில் பெரும்பாலும் இன்னும் ஆயில்தான் தள்ளுகிறது.

பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் பெயின்ட்டைத் தட்டிப் பார்க்கும் நேரத்தில் ஆயில் மூடியைத் திறந்து, உள்ளே டார்ச் அடித்து, கேம் தெரிந்தால் அதன் நிறத்தைப் பாருங்கள். தேன் நிறம் சரி. கறுப்புப் பூச்சு என்றால் விலையைக் குறைத்துக் கேளுங்கள், அல்லது கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். முடிந்தால் ராத்திரி முழுக்க நின்ற வண்டியைக் காலையில் போய் நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள், விற்கிறவர் முன்னாடியே சூடாக்கி வைத்திருந்தால் சந்தேகப்படுங்கள்.

காலை ஸ்டார்ட்டை ஏன் சொல்கிறேன் என்றால், மாமா வண்டியில் அந்த ஒன்று மட்டும் இன்னும் தீரவில்லை. முதல் ஸ்டார்ட்டில் ஒரு நொடி 'கடகட'வென்று ஒரு சத்தம், அப்புறம் அடங்கிவிடும். ஃபேஸருக்குள் ஒரு பூட்டுப் பின் இருக்கிறது, இன்ஜின் நிற்கும்போது ரோட்டரை ஒரு இடத்தில் பிடித்து வைக்க, ஆயில் பிரஷர் வந்ததும் விலகிக்கொள்ள. அந்தப் பின்னோ அதன் குழியோ தேய்ந்துவிட்டால் பிரஷர் வரும்வரை ரோட்டர் கூட்டுக்குள் அங்கேயும் இங்கேயும் முட்டும். நீண்ட செயினும் அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும்கூட இதே சத்தம் தரும், செயின் கவரைப் பிரித்தால்தான் எது என்று தெரியும். தேய்ந்ததை எந்த ஆயிலும் வளர்த்துத் தராது. கவரைப் பிரிப்பதென்றால் ஃபேஸர், செயின், டென்ஷனர் மூன்றையும் சேர்த்து மாற்றிவிடுவதுதான் கூலிக்குக் கட்டுப்படியாகும், ஷெட்டில் வண்டி சில நாள் நிற்க வேண்டியிருக்கும். மாமாவிடம் சொன்னேன். தீபாவளி வியாபாரம் முடியட்டும் மச்சான், அப்புறம் பார்க்கலாம் என்கிறார்.